மாவுக் கடைக்கு எந்த இடம்? உறையூர்த் தங்கைக்கு ஒரு பதில்

திருச்சி உறையூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கும் நாலைந்து மளிகைக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறார். நாளொன்றுக்கு 60 கிலோ வரை போகிறது. கணவரும் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கப் போவதால், மாவோடு பொடி வகைகள், சப்பாத்தி, மாலையில் பணியாரம், பஜ்ஜி என்று ஒரு கடை போட நினைக்கிறார்கள். மூன்று இடம் பார்த்திருக்கிறார்கள். மத்திய பேருந்து நிலையம் பக்கத்தில் 100 சதுர அடி, வாடகை 18,000, அட்வான்ஸ் 2 லட்சம். தில்லை நகரில் ஒரு குறுக்குச் சாலையில் 180 சதுர அடி, வாடகை 14,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். உறையூரிலேயே மெயின் ரோட்டிலிருந்து 40 அடி உள்ளே, தெருவுக்குள் 300 சதுர அடி, வாடகை 8,000, அட்வான்ஸ் 60,000. "அக்கா, வாடகை கூட இருந்தாலும் மெயினான இடம்தான் வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு பயமாக இருக்கிறது. எதை எடுப்பது?" என்பது கேள்வி.

நானும் என் கணவரும் திருச்சியில் 19 வருடம் பலகாரக் கடை நடத்தினோம். அதில் மூன்று முறை இடம் மாறினோம், இரண்டு முறை நஷ்டப்பட்டே மாறினோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. அது நியாயமான பயம், தங்கச்சி. கடை வாடகை என்பது வாசலில் நடந்து போகும் கூட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை. பேருந்து நிலையம் பக்கத்தில் 100 சதுர அடிக்கு 18,000 கேட்கிறார்கள் என்றால் அது சுவருக்கும் கூரைக்கும் கேட்கும் பணம் இல்லை, அந்தக் கூட்டத்துக்குக் கேட்கும் பணம். அப்படியானால், அந்தக் கூட்டம் மாவு வாங்குமா? பெட்டியும் பையுமாக பஸ்ஸுக்கு ஓடுகிறவர் டீ குடிப்பார், வாழைப்பழம் வாங்குவார், தண்ணீர் பாட்டில் வாங்குவார். ஒரு கிலோ மாவைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போகமாட்டார். உங்களுக்குப் பயன்படாத கூட்டத்துக்கு ஏன் மாதம் 18,000 கொடுக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜூலையில் திருச்சியின் புதிய பஞ்சப்பூர் பேருந்து முனையம் இயங்கத் தொடங்கியபின் வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் கடைகளுக்கு அதற்கு முந்தைய கூட்டம் வேறு, இப்போதுள்ள கூட்டம் வேறு. சென்னையில் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டுப் போனபோதும் இதேதான் நடந்தது. கட்டட உரிமையாளர் பழைய கூட்டத்தை மனதில் வைத்துத்தான் வாடகை சொல்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் இன்றைய கூட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

எந்த இடமானாலும் அடுத்த மூன்று வருடத்தில் அந்தச் சாலைக்கு என்ன வரப்போகிறது என்று விசாரிப்பது வாடகையை விசாரிப்பதற்குச் சமம். கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்கள். கட்டி முடிக்கும்வரை கீழே இருந்த கடைக்காரர்கள் தூசியோடும் தடுப்புகளோடும் வருடக்கணக்கில் இருந்தார்கள். சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்தபோது பல கடைகளின் பெயர்ப் பலகையே சாலையிலிருந்து தெரியாமல் போனது. மேம்பாலம் முடிந்தபிறகும் முன்பு கீழே நின்று போன வண்டிகளில் பாதி மேலே பறந்துவிடும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும் வேலை சின்னதுதான், ஆனால் மூன்று மாதம் வாசலில் பள்ளம் இருந்தால் புதுக் கடைக்கு அதுவே போதும். வார்டு கவுன்சிலர் அலுவலகத்திலும் மாநகராட்சிக் கோட்ட அலுவலகத்திலும் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் போக கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாடகையோடு அட்வான்ஸுக்கான வட்டியையும் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நகையை அடகு வைக்கப் போகிறீர்கள், அல்லது கையிருப்பை முடக்கப் போகிறீர்கள். வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்தால் 2 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய். ஆக முதல் இடத்தின் உண்மையான வாடகை 20,000. நாளுக்கு 667 ரூபாய். வாடகைக்காக மட்டும் தினம் 45 கிலோ மாவு விற்க வேண்டும். தில்லை நகர் வட்டியோடு 15,500. தினம் 34, 35 கிலோ. உறையூர் 8,600, தினம் 20 கிலோவுக்குள் முடிந்துவிடும். இப்போது நீங்கள் விற்பது 60 கிலோ. மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பதில் லாபம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். பேருந்து நிலையக் கடையை எடுத்தால் இப்போதைய வியாபாரத்தில் முக்கால் பங்கு வாடகைக்கே போய்விடும், ஆள் கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் மிச்சம் 15 கிலோதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். வாதம் செய்ய வேண்டாம், தாளைக் காட்டினால் போதும்.

வாடகை பேசும்போதே மற்றவற்றையும் கேளுங்கள். தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் தனியாகக் கொடுக்க வேண்டுமா? உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் கடை வாடகைக்கு 18 சதவீதம் மேலே வரும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடை என்றால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. 14,000 என்பது 16,520 ஆகிவிடும். "வாடகை எல்லாம் உட்பட எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுவது நல்லது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்பது வழக்கம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நின்று பார்க்கும் வேலை. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். மாவு எப்போது விற்கும் என்று உங்களுக்கே தெரியும்: வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை ஐந்தரை முதல் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி இருக்கும் நாளுக்கு முந்தைய இரவு. அந்த நேரங்களில் இடத்துக்கு எதிரே ஒரு நோட்டோடு நில்லுங்கள். போகிற வண்டிகளை எண்ண வேண்டாம். காய்கறிப் பையோடு போகிறவர்கள் எத்தனை பேர், வண்டியை நிறுத்தி எதையாவது வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். நான் கடைசியாக எடுத்த கடைக்கு முன் வெள்ளி, சனி, செவ்வாய் என்று மூன்று மாலை நின்றேன். வெள்ளிக்கிழமை கோயில் கூட்டத்தைப் பார்த்து மயங்கியிருப்பேன். செவ்வாய்க்கிழமை நின்றதால்தான் உண்மை தெரிந்தது. உறையூரில் வெக்காளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டமும் அப்படித்தான். அதை நம்பி பூக்கடை போடலாம், மாவுக் கடைக்கு மற்ற ஆறு நாளும் வேண்டும்.

சாலையின் எந்தப் பக்கம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் ஊரில் வண்டி இடதுபக்கம் போகிறது. மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு எது இடதுபக்கமோ அந்தப் பக்கக் கடைக்குத்தான் வண்டி தானாக ஒதுங்கும். காலையில் வேலைக்குப் போகும் பக்கத்தில் டிபன் கடை, வீட்டுக்குத் திரும்பும் பக்கத்தில் மாவு, காய்கறி, பலகாரம். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மாவுக்காக யாரும் அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பமாட்டார்கள். வேகத்தடைக்குப் பக்கத்திலோ திருப்பத்துக்குப் பக்கத்திலோ இருக்கும் கடை நல்லது, வண்டி அங்கே எப்படியும் மெதுவாகும், ஆட்களின் கண்ணில் படும். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கடையைப் பலரும் ஆசையாக எடுப்பார்கள். ஆனால் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கடை மறைந்துவிடும், இரண்டு சக்கர வண்டியை நிறுத்தவும் இடம் இருக்காது. ஸ்டாப்பிலிருந்து நாலைந்து கடை தள்ளி இருப்பதையே நான் விரும்புவேன்.

வாசல் மேற்கு பார்த்திருந்தால் மதியம் மூன்று மணி வெயில் நேராகக் கடைக்குள் விழும். மே மாதத் திருச்சி வெயிலில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜும் அதிக நேரம் ஓடும், கரண்ட் பில்லும் கூடும். வாஸ்துவுக்காக உங்கள் மாமியார் கிழக்கு வாசல் கேட்டால் மறுக்காதீர்கள், மாவுக்கும் அது நல்லதுதான்.

படியைப் பாருங்கள். சாக்கடை மேல் பலகைக் கல் போட்டு மூன்று படி ஏறிப் போகும் கடைக்கு முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வரமாட்டார்கள். மாவு வாங்குகிறவர்களில் அவர்கள் நிறையப் பேர். அந்தப் படி மாநகராட்சி இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஆக்கிரமிப்பு எடுக்க வரும் நாளில் படியையும் கூரைத் தகரத்தையும் இடித்துவிட்டுப் போவார்கள், உரிமையாளர் தலைகாட்டமாட்டார். அகலமும் முக்கியம். 100 சதுர அடி என்றாலும் பத்தடி முகப்பு உள்ள கடை, ஆறடி முகப்போடு நீளமாக உள்ளே போகும் கடையைவிட மேல். டேப் எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். சுவர், தூண், மாடிப்படிக்குக் கீழ் உள்ள மூலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் சதுர அடி சொல்வார்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான தண்ணீர் விஷயம். துணிக்கடைக்காரர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் அரிசி களைய வேண்டும், ஊறப்போட வேண்டும், கிரைண்டரையும் பாத்திரத்தையும் தினம் இரண்டு முறை கழுவ வேண்டும். எங்கள் கடையில் அறுபது, எழுபது கிலோ மாவு அரைக்கும் நாளில் 400 லிட்டருக்குக் குறையாமல் செலவாகும். கார்ப்பரேஷன் குழாய் கடைக்கு வருகிறதா, அல்லது மாடி வீட்டுத் தொட்டியிலிருந்து கொடுக்கிறேன் என்கிறார்களா? இரண்டாவது என்றால் ஒரே மாதத்தில் மேல்வீட்டுக்காரரோடு சண்டை வரும். போர் தண்ணீர் மட்டும் என்றால் ஒரு குடம் பிடித்து வந்து உங்கள் வீட்டு கிரைண்டரில் ஒரு கிலோ அரைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் மாவின் ருசி மாறிவிடும். இத்தனை நாள் காவிரித் தண்ணீரில் அரைத்த உங்கள் மாவைத் தேடி வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரும் தண்ணீர் அளவுக்குப் போகும் தண்ணீரும் முக்கியம். கழுநீரும் மாவு கழுவிய தண்ணீரும் திறந்த சாக்கடையில் தேங்கினால் மறுநாளே புளித்து நாறும். அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கும் கட்டடமா, செப்டிக் டேங்க் மட்டுமா என்று கேளுங்கள். செப்டிக் டேங்க் என்றால் இவ்வளவு தண்ணீருக்கு அது சீக்கிரம் நிரம்பும், லாரி கூப்பிடும் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். உறையூர், தில்லை நகர் பக்கமெல்லாம் தாழ்வான தெருக்கள் உண்டு. 2005 வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, சாதாரண ஐப்பசி மழைக்கு எதுவரை வரும் என்று அந்தத் தெருவில் பழைய ஆள் ஒருவரிடம் கேளுங்கள். அரிசி மூட்டையைத் தரையில் வைக்கப் போகிறவர்கள் நீங்கள்.

மின்சாரம் அடுத்தது. பெரிய டில்டிங் கிரைண்டர் இரண்டு, ஃப்ரிட்ஜ், கடை விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்ந்தால் த்ரீ பேஸ் இணைப்பு தேவைப்படும். வீட்டு முன்னறையையோ கார் ஷெட்டையோ கடையாக மாற்றி வாடகைக்கு விடுகிறவர்கள் "வீட்டு லைனிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள், யூனிட்டுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிட்டு வாங்குவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். இது இப்போது உங்கள் வீட்டில் நடக்கும் வேலைக்கும் பொருந்தும், அதனால் அதையும் சீக்கிரம் சரிசெய்துவிடுங்கள். கடைக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, எந்தக் கட்டண வகையில் இருக்கிறது, பழைய பாக்கி இருக்கிறதா என்று இணைப்பு எண்ணை வாங்கி ஈபி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முன்பு இருந்தவர் கட்டாமல் போன பாக்கி அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கிரைண்டர் சத்தத்தையும் மறக்காதீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு அரைப்பவர்கள் நீங்கள். மேலே குடும்பம் குடியிருந்தால் அந்த அதிர்வு அவர்கள் கட்டிலுக்குக் கேட்கும். தில்லை நகரில் நீங்கள் பார்த்த கட்டடத்தில் மாடியில் டாக்டர் கிளினிக் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பகலில் அரைக்க முடியாது, மாலையில் பஜ்ஜி போட்டால் எண்ணெய்ப் புகை மேலே போகும். கூட்டம் நல்ல கூட்டம்தான், நோயாளியோடு வருகிறவர்கள், கோச்சிங் வகுப்புப் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள், பணியாரமும் பஜ்ஜியும் நிச்சயம் போகும். ஆனால் உங்கள் சோறு மாவிலிருந்து வருகிறது, பஜ்ஜி இன்னும் தொடங்காத வியாபாரம். தொடங்காத வியாபாரத்தை நம்பி, நடக்கிற வியாபாரத்துக்குப் பொருந்தாத இடத்தை எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. அரைக்கும் இடமும் விற்கும் இடமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டுமா? எங்கள் கடையில் நாங்கள் ஏழு வருடம் கழித்துத்தான் இதை யோசித்தோம். அடுப்பும் பாத்திரமும் பின் தெருவில் 3,500 ரூபாய் வாடகை வீட்டுக்குப் போனது, மெயின் ரோட்டில் எட்டுக்குப் பத்து கவுன்ட்டர் மட்டும் இருந்தது. அன்றிலிருந்துதான் கையில் பணம் நின்றது. அரைப்பதற்குத் தேவை தண்ணீர், வடிகால், கரண்ட், விசாலம். விற்பதற்குத் தேவை முகப்பும் வெளிச்சமும். இரண்டையும் ஒரே இடத்தில் தேடினால் இரண்டுக்கும் சேர்த்து மெயின் ரோட்டு வாடகை கொடுக்க நேரும். பிரித்தால் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உணவுப் பாதுகாப்புப் பதிவு இடத்தைப் பொறுத்தது, அரைக்கும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

எழுத்து விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் அடிபட்டது அங்கேதான். எங்கள் இரண்டாவது கடைக்கு உரிமையாளர் ஒரு பெரியவர், தங்கமான மனிதர். "உங்களுக்கும் எனக்கும் எதற்கு பத்திரம்?" என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். அவர் காலமானபின் பிள்ளைகள் மூன்று பேரும் வந்தார்கள். யாருக்கு வாடகை கொடுப்பது என்றே தெரியவில்லை. அட்வான்ஸ் கொடுத்ததற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பாதிப் பணத்தை விட்டுவிட்டு வெளியே வந்தோம். அடுப்பு மேடைக்கும் டைல்ஸுக்கும் போட்ட பணம் அத்தோடு போயிற்று. அதனால் கேட்கிறேன், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். அவருக்குப் பிறகு வருகிறவரை உங்களுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னாலும், இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அது செல்லும் என்று இடமும் விட்டிருக்கிறது. அதனால்தான் கடைகளுக்குப் பத்து மாதம் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிக் குறைத்துப் பேசலாம், எட்டு மாதம் கேட்டால் ஐந்துக்கு வருவார்கள்.

11 மாத ஒப்பந்தம் என்பது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற 1908 பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த பழக்கம். வீட்டுக்கு அது பரவாயில்லை. கடைக்கு நீங்கள் ஷட்டர், மேடை, பலகை, வயரிங் என்று லட்சக்கணக்கில் போடப் போகிறீர்கள், பதினோராவது மாதம் "காலி செய்யுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? மூன்று வருடமாவது கேளுங்கள். பதிவுச் செலவு ஆகட்டும். வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும், நீங்கள் நடுவில் காலி செய்தால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், நீங்கள் போட்ட கிரில், ஷட்டர் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாவு அரைக்கவும், மாலையில் அடுப்பு வைத்துப் பலகாரம் போடவும் சம்மதம் என்று தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "கடை நடத்த" என்று எழுதினால் பின்னால் புகையைச் சொல்லி நிறுத்துவார்கள். கடையைச் சரிசெய்யும் முதல் பதினைந்து இருபது நாளுக்கு வாடகை வேண்டாம் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், காலியாகக் கிடந்த கடை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொத்து வரி ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அடமானம் இருந்தால் தெரியும். மாநகராட்சித் தொழில் உரிமம் எடுக்கும்போது உரிமையாளரின் சம்மதமும் வரி ரசீதும் கேட்பார்கள். வீட்டு வரி கட்டிக்கொண்டு கடைக்கு விடுகிறவர்கள் அப்போது தயங்குவார்கள், அதனால் இரண்டையும் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அங்கே கடை நடத்துகிறவர் "எனக்கு ஒரு லட்சம் கொடுங்கள், கடையை உங்களுக்கு விட்டுத் தருகிறேன்" என்றால் உரிமையாளர் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாத உள்வாடகை செல்லாது.

முன்பு அங்கே என்ன கடை இருந்தது, ஏன் மூடினார்கள் என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். உரிமையாளரிடம் கேட்டால் "அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது" என்பார். எதிர் டீக்கடையில் கேளுங்கள். ஒரே கடையில் மூன்று வருடத்தில் நாலு பேர் மாறினால் ஊரில் "ராசியில்லாத கடை" என்பார்கள். நான் பார்த்தவரை அந்த ராசிக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருந்தது. தண்ணீர் இல்லை, வண்டி நிறுத்த இடம் இல்லை, வருடா வருடம் வாடகையை ஏற்றும் உரிமையாளர், இப்படி ஏதோ ஒன்று. எங்கள் முதல் கடை ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே. ஜூன் மாதம் பார்த்துவிட்டு எடுத்தோம், வாசலில் பிள்ளைகள் மொய்த்தார்கள். ஏப்ரல், மே வந்ததும் தெருவே அடங்கிவிட்டது. பரீட்சை விடுமுறை, தீபாவளி விடுமுறை, ஞாயிறு எல்லாம் சேர்த்தால் வருடத்தில் ஐந்து மாதம் வியாபாரமே இல்லை. முன்பு இருந்தவரும் அதனால்தான் போனார் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னும் ஒன்று, இதை எந்தப் புரோக்கரும் சொல்லமாட்டார். கழிப்பறை. கடையில் காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கப் போவது நீங்கள். உதவிக்கு ஒரு பெண்ணையும் வைப்பீர்கள். "பக்கத்தில் பொதுக் கழிப்பறை இருக்கிறது" என்று சொல்லிக் கடையைத் தருவார்கள். அதை நம்பி எடுத்து, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண் கடைக்காரர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்திருக்கிறேன். கழிப்பறை இல்லாத கடை வேண்டாம், வாடகை பாதியானாலும் வேண்டாம். அதேபோல் ஒரு ஸ்டூல் போட இடம் இருக்க வேண்டும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். கவுன்ட்டரை அளக்கும்போது அந்த ஸ்டூலையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

ஆக, என்னைக் கேட்டால் உறையூர் இடம். நகை வாங்குகிறவர்கள் நாலு கடை ஏறி இறங்கிப் பார்ப்பார்கள், அதனால் பெரிய கடை வீதியில் நகைக் கடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது அவர்களுக்கு நல்லது. மாவை யாரும் அப்படி வாங்குவதில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்குவார்கள். இப்போது உங்களிடம் வாங்கும் அத்தனை பேரும் அந்த இடத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் போனால் அவர்களை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 300 சதுர அடியில் பின்பாதியில் அரைத்து முன்பாதியில் விற்கலாம். 40 அடி உள்ளே இருப்பது குறைதான். மெயின் ரோட்டு முனையில் இருக்கும் கடைக்காரரிடம் பேசி, மாதம் ஐநூறோ ஆயிரமோ கொடுத்து ஒரு பலகை வைக்க முடியுமா பாருங்கள். வீடு திரும்பும் பக்கத்திலிருந்து அந்தப் பலகை தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பணியாரமும் பஜ்ஜியும் சூடுபிடித்தால், அப்போது தில்லை நகரில் ஒரு சின்ன கவுன்ட்டர் மட்டும் எடுத்து இங்கிருந்து சரக்கு அனுப்பலாம். அடுப்புக்கு வணிக சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவராதீர்கள்.

முடிவு செய்யும் முன் உறையூர் இடத்தில் மூன்றைச் சரிபாருங்கள்: குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எவ்வளவு நேரம் நிற்கிறது, த்ரீ பேஸ் கேட்டால் உரிமையாளர் கையெழுத்துப் போடுவாரா, பின்பக்கம் நாலு வாளித் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினால் எங்கே போகிறது. மூன்றும் சரியாக இருந்தால் அட்வான்ஸை ஐம்பதாயிரத்துக்குப் பேசுங்கள். ஒப்பந்த நகல் கையில் கிடைத்ததும் கையெழுத்துப் போடாமல் ஒருநாள் வைத்திருங்கள், வரி வரியாக நாம் சேர்ந்து படித்துவிடலாம்.